நிறம் ஒன்று, குணம் பல: ஆல்கஹால் வகைகளைப் பற்றிய பாடம்



மதுரை வட்டாரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சாயச்சாலையைப் பார்வையிடச் சென்றிருந்தேன். இருப்புப் பதிவேட்டில் "ஸ்பிரிட், 6 லிட்டர்" என்று ஒரே வரி எழுதப்பட்டிருந்தது. இருப்பறையிலோ மூன்று சீசாக்களும் ஒரு பிளாஸ்டிக் கேனும் இருந்தன. பெயர்ச்சீட்டு ஒட்டப்பெற்றது ஒன்றே. மற்றொன்று பழைய சோடாச் சீசா. நான்கிலும் இருந்தது நிறமற்ற, நீரைப் போன்ற திரவம். "எது எது என்று எவ்வாறு அறிவீர்கள்?" என்று இருப்பறைக் காப்பாளரை வினவினேன். வயதில் மூத்தவர், நேர்மையானவர். "மோந்து பார்த்தாலே சொல்லிவிடுவேன், சார்" என்றார். முகர்ந்தும் பார்த்தார். இரண்டைச் சொன்னார், மற்ற இரண்டில் தயங்கினார்.

பின்பு அவரே தணிந்த குரலில் ஒரு செய்தியைச் சொன்னார். முந்தைய ஐப்பசி மழையில், சாயத்தொட்டியில் நாள் முழுதும் நின்று உடல் விறைத்துப்போன இளைஞன் ஒருவன், "அந்தச் சீசாவிலிருந்து ஒரு வாய் தாருங்கள்" என்று கேட்டானாம். இவர் அதட்டி அனுப்பிவிட்டாராம். "கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று என்னை வினவினார். அதற்கு என்னால் விடை கூற இயலவில்லை. ஏனெனில் அந்தச் சீசாவில் இருந்தது எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

செல்லூரில் நடைபெற்ற அங்கத்தினர் கல்வி வகுப்பில் இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தேன். தறிக்காரரும் கரும்பு விவசாயிகளும் வந்திருந்தனர். இருசாராரும் இப்பொருள்களைப் பற்றி விரிவாக எழுதித் தரவேண்டுமென்று கேட்டுக்கொண்டதன் பயனே இக்கட்டுரை.

ஆல்கஹால் என்பது யாது?

ஆல்கஹால் என்றவுடன் நம் மக்கள் சாராயத்தையே நினைக்கின்றனர். இது பாதி உண்மையே. ஆல்கஹால் என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் மருந்தாகும் பொருளும் உண்டு, எரிபொருளாவதும் உண்டு, கண்ணைப் பறிக்கும் நஞ்சும் உண்டு. சாராயத்தில் இருப்பது அவற்றுள் ஒன்று மட்டுமே.

இதனை நம் தறியைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கரி அணுக்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்பதை ஒரு நூலிழை என்று கொள்வோம். அவ்விழையில் பிராணவாயு அணு ஒன்றும் ஹைட்ரஜன் அணு ஒன்றும் சேர்ந்த சிறு முடிச்சு ஒன்று உண்டு. இம்முடிச்சுக்கு ஹைட்ராக்ஸில் என்று பெயர். இழையில் இம்முடிச்சு விழுந்துவிட்டால் அப்பொருள் ஆல்கஹால் ஆகிவிடுகிறது.

இழையில் கரி அணு ஒன்றே இருந்தால் அது மெத்தில் ஆல்கஹால். மெத்தனால் என்பதும் இதுவே. இரண்டு இருந்தால் எத்தில் ஆல்கஹால், அதாவது எத்தனால். மூன்று இருந்து, முடிச்சு நடுவில் விழுந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். இரண்டு கரி அணுவில் இரண்டு முடிச்சு விழுந்தால் எத்திலீன் கிளைக்கால். மூன்று கரி அணுவில் மூன்று முடிச்சு விழுந்தால் நாம் நன்கறிந்த கிளிசரின்.

முடிச்சு நீரோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. ஆதலின் இவ்வைந்தும் நீருடன் எவ்வளவு கலந்தாலும் கலந்துவிடும். முடிச்சுகள் தமக்குள்ளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆதலின் முடிச்சு மிகுந்தால் திரவம் தடிக்கும். கொதிப்பதற்கு மிகுந்த சூடு வேண்டும். மெத்தனால் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியசிலும், எத்தனால் 78 டிகிரியிலும், ஐசோப்ரொப்பைல் 82 டிகிரியிலும் கொதிக்கின்றன. இரண்டு முடிச்சுடைய கிளைக்காலுக்கு 197 டிகிரியும், மூன்று முடிச்சுடைய கிளிசரினுக்கு 290 டிகிரியும் தேவை. முதல் மூன்றும் நீர்போல் ஓடுவதற்கும், கிளிசரின் பாகுபோல் வழிவதற்கும் காரணம் இதுவே.

முதல் மூன்றும் நிறத்தில் ஒன்று, ஓட்டத்தில் ஒன்று, மணத்திலும் ஏறத்தாழ ஒன்று. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

எத்தில் ஆல்கஹால்: கரும்பின் பிள்ளை

பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அது கள்ளாகிவிடுவதை நாமெல்லாரும் அறிவோம். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று எத்தில் ஆல்கஹாலையும் கரியமிலவாயுவையும் வெளியிடுகிறது. சுண்ணாம்பு அந்நுண்ணுயிரைத் தடுத்துவிடுகிறது. பனைமரத்தடியில் நிகழும் இதே செயலைத்தான் வடிசாலைகளில் பெரிய தொட்டிகளில் நிகழ்த்துகின்றனர்.

நம் நாட்டில் இதற்கு நெடுங்காலமாக மூலப்பொருளாக இருந்து வருவது, சர்க்கரை ஆலையில் மொலாசஸ் என்று சொல்லும் கழிவுப்பாகு. ஒரு டன் கரும்பை அரைத்தால் சுமார் 100 கிலோ சர்க்கரையும், 40 முதல் 45 கிலோ வரை கழிவுப்பாகும் கிடைக்கும். ஒரு டன் கழிவுப்பாகிலிருந்து 220 லிட்டருக்குக் குறையாமல் ஆல்கஹால் வடிக்கலாம். ஏக்கருக்கு 40 டன் கரும்பு விளைவிக்கும் விவசாயி ஒருவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். அவர் அனுப்பிய கரும்பின் கழிவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 400 லிட்டர் ஆல்கஹால் பிறக்கிறது. கரும்பின் விலையைச் சர்க்கரையின் விலையைக்கொண்டு மட்டும் பேசுவது ஏன் போதாது என்பது இதனால் விளங்கும்.

நம் கூட்டுறவு இயக்கம் இதனை முன்பே உணர்ந்திருந்தது. உடுமலைப்பேட்டையை அடுத்த கிருஷ்ணாபுரத்து அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், மோகனூரிலுள்ள சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் சர்க்கரையோடு நின்றுவிடாமல் வடிசாலையும் அமைத்தன. நம் மாவட்டத்தில் அலங்காநல்லூரை அடுத்த நேஷனல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நின்றுபோனதும், அதனை மீண்டும் இயக்கவேண்டுமென்று கரும்பு விவசாயிகள் குரல் எழுப்பியதும் அங்கத்தினர் அறிந்தவையே. ஆலை நின்றால் சர்க்கரை மட்டும் நிற்பதில்லை. அதனைச் சார்ந்த பொருள்கள் யாவும் நின்றுவிடுகின்றன.

வடித்தெடுத்த ஆல்கஹால் மூன்று கோலங்களில் வெளிவருகிறது. முதலாவது, சுமார் 95 விழுக்காடு தூய்மையுள்ள ஸ்பிரிட். சாதாரணமாகக் காய்ச்சி வடிப்பதால் இதற்குமேல் அதிகமாக நீரைப் பிரிக்க இயலாது. எஞ்சிய நீர் ஆல்கஹாலோடு சேர்ந்தே ஆவியாகும். இரண்டாவது, அந்நீரையும் தனி முறையில் உறிஞ்சி எடுத்த 99.5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆல்கஹால். பெட்ரோலுடன் கலப்பது இதுவே. இந்தியாவில் 2003இல் 5 விழுக்காடு கலப்புத் தொடங்கியது. 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2025இல் 20 விழுக்காடாயிற்று. இப்பொழுது கழிவுப்பாகு மட்டுமன்றிக் கரும்புச் சாறு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்தும் எரிபொருள் ஆல்கஹால் எடுக்கின்றனர். மானாவாரியில் மக்காச்சோளம் பயிரிடும் நம் அங்கத்தினரும் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவதே நம் சாயச்சாலைக்கு வரும் ஸ்பிரிட். குடிக்க உதவாதபடி நாற்றப்பொருளும் கசப்புப்பொருளும், பல வேளைகளில் மெத்தில் ஆல்கஹாலும் சேர்த்துக் கெடுக்கப்பட்டது இது. இதனைக் காய்ச்சியோ வடிகட்டியோ நல்லதாக்கிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டா. அவ்வாறு நம்பி மாண்டவர் பலர்.

நல்லது மட்டும் கூறி, தீயதை மறைத்தல் முறையன்று. ஒரு லிட்டர் ஆல்கஹால் வடிக்கும்போது 8 முதல் 15 லிட்டர் வரை கருங்கழிவு நீர் வெளியாகிறது. அதில் சாம்பல் சத்து மிகுதி. ஆயினும் பக்குவப்படுத்தாமல் வாய்க்காலில் விட்டால் நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்து மீனைக் கொல்லும். கிணற்று நீரைக் கெடுக்கும். வடிசாலை வேண்டுமென்று கோரும் விவசாயிகள், கழிவுநீருக்கு வழி என்ன என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டல் வேண்டும்.

நம் தொழிலில் எத்தனாலின் பயன்

நூல் சிட்டங்களுக்கு நாப்தால் சாயம் ஏற்றுவோர் இரண்டு முறைகளை அறிவர். ஒன்று, நாப்தாலைத் துருக்கிச் சிவப்பெண்ணெயில் குழைத்து, காஸ்டிக் சோடாவும் கொதிநீரும் சேர்த்துக் கரைக்கும் வெந்நீர் முறை. மற்றொன்று, ஸ்பிரிட்டில் குழைத்துக் காஸ்டிக் சோடாக் கரைசல் சேர்த்துச் சூடின்றியே தெளிவாக்கும் தண்ணீர் முறை. நாப்தால் நீரில் எளிதில் நனையாது. ஸ்பிரிட்டோ அதனையும் நனைக்கும்; நீரோடும் கலக்கும். இரண்டு ஊராருக்கும் உறவான தரகரைப்போல நின்று சேர்த்துவைக்கிறது. அதற்குச் சிறிதளவே போதும். சாயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, தீய அமீன்களை விடுவிக்கும் அசோ சாயங்களுக்கு 1997இல் இந்திய அரசு தடை விதித்தமையை மறத்தலாகாது.

மல்லிகை பயிரிடுவோருக்கும் இதில் பங்குண்டு. வாசனைத் தொழிற்சாலைகளில் முதலில் ஹெக்சேன் போன்ற கரைப்பானால் பூவின் மணத்தை மெழுகோடு சேர்த்து எடுக்கின்றனர். ஆயிரம் கிலோ பூவிலிருந்து இவ்வாறு கிடைப்பது சில கிலோ அளவே. அம்மெழுகுப் பொருளை எத்தனாலில் கரைத்துக் குளிர்வித்தால் மெழுகு உறைந்து பிரிந்துவிடும். மணம் ஆல்கஹாலில் நின்றுவிடும். பின்பு ஆல்கஹாலை ஆவியாக்கினால் எஞ்சுவது தூய வாசனைச் சாறு. மதுரை மல்லியின் மணம் அயல்நாடு செல்லும் வழியில் எத்தனாலைக் கடந்தே செல்கிறது.

இவை தவிர, அரக்கைக் கரைத்து மரச்சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றவும், மருந்துகளைக் கரைக்கவும், அசெட்டிக் அமிலம் முதலியன செய்யவும் இது பயன்படுகிறது.

2020இல் பெருந்தொற்று வந்தபோது, நாடெங்கும் வடிசாலைகள் கைச்சுத்தித் திரவம் செய்து தந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி அதில் எத்தனால் 80 விழுக்காடு, அல்லது ஐசோப்ரொப்பைல் 75 விழுக்காடு; தோல் வறளாமலிருக்கக் கிளிசரின் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. "நூறு விழுக்காடு இருந்தால் இன்னும் நன்றன்றோ?" என்று வகுப்பில் ஓர் அம்மையார் வினவினார். நல்ல வினா. கிருமியின் உடலிலுள்ள புரதம் குலைவதற்கு ஆல்கஹாலோடு நீரும் வேண்டும். நீரில்லாத ஆல்கஹால் விரைவில் ஆவியாகிவிடுவதோடு, அவ்வேலையையும் அரைகுறையாகவே செய்யும்.

மெத்தில் ஆல்கஹால்: தொழிலுக்குத் தோழன், உடலுக்குக் கூற்றுவன்

முற்காலத்தில் மரத்தைக் காற்றுப்படாமல் வறுத்து, வரும் ஆவியைக் குளிர்வித்து இதனை எடுத்தனர். ஆதலின் மரச்சாராயம் என்ற பெயரும் இதற்குண்டு. 1923இல் ஜெர்மனியில் இதனை வாயுக்களைக்கொண்டு பெருமளவில் செய்யும் முறை தொடங்கிற்று. இப்பொழுது இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் செய்கின்றனர். இந்தியா தனக்கு வேண்டியதிற் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது.

தொழிலுலகில் இதன் இடம் பெரிது. பார்மால்டிஹைடு இதிலிருந்து பிறக்கிறது. அதிலிருந்து ஒட்டுப்பலகைக்கான பசைகளும், துணி சுருங்காமலும் கசங்காமலும் இருக்கச் செய்யும் பிசின்களும் பிறக்கின்றன. பட்டுக்குச் சாயமேற்றும்போது தொட்டியில் விடும் அசெட்டிக் அமிலத்தையும் பெரும்பாலும் இதிலிருந்தே செய்கின்றனர். வண்ணப்பூச்சு, மருந்து, பிளாஸ்டிக் ஆகிய தொழில்கள் இதனை விட்டு நடவா.

எனினும் இது உடலுக்குள் சென்றால் நடப்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் வேண்டும். எத்தனாலை ஈரல் எவ்வழியில் மாற்றுகிறதோ அவ்வழியிலேயே மெத்தனாலையும் மாற்றுகிறது. ஆனால் விளைவது வேறு. முதலில் பார்மால்டிஹைடும் பின்பு பார்மிக் அமிலமும் உண்டாகின்றன. எறும்பு கடித்த இடத்தில் எரிச்சல் தருவதும் பார்மிக் அமிலமே. அது இரத்தத்தைப் புளிக்கச் செய்து, கண்ணின் நரம்பைத் தாக்குகிறது. 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கக்கூடும்.

இதன் கொடுமை தாமதத்தில் இருக்கிறது. குடித்தவுடன் சாதாரண மயக்கமே தோன்றும். 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்தே தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கண்ணில் பனிமூட்டம் போன்ற மங்கல் ஆகியவை வரும். அதற்குள் குடித்தவர் தம் தோழர்களுக்கும் அதனைப் பகிர்ந்திருப்பார்.

2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியிலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் 20க்கு மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தொழிற்சாலைக்கென்று செய்யப்பட்ட பொருள் திசைமாறிக் குடிசைகளை அடைந்ததன் விளைவு இது. மாண்டவர்களிற் பலர் அன்றாடம் உழைத்து உண்பவர். உடல்நோவு மறக்க மலிவாகக் கிடைத்ததைக் குடித்தவர். நம் சாயச்சாலையில் ஒரு வாய் கேட்ட இளைஞனும் அத்தகையவனே. அவர்களைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. ஆலையிலிருந்து புறப்பட்ட அந்தத் திரவம் குடிசையை அடையும் வரை எத்தனை பூட்டுகள் திறந்திருந்தன, எத்தனை பதிவேடுகள் பொய்யாக எழுதப்பட்டன என்று எண்ணிப்பாருங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

யாரேனும் ஐயத்திற்குரிய ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டார் என்று தெரிந்தால், அறிகுறிகளுக்குக் காத்திராமல் உடனே 108 ஊர்தியை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லுங்கள். நம் ஊருக்கு அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. அவரோடு குடித்தவர்களையும், நலமாகத் தோன்றினாலும், அழைத்துச் செல்லுங்கள். சீசாவையும் கொண்டு செல்லுங்கள். நஞ்சு மாறுவதைத் தடுக்கும் மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் கருவியும் மருத்துவமனையில் உண்டு. மோர், புளிக்கரைசல், நல்ல சாராயம் என்று வீட்டு வைத்தியம் செய்து நேரத்தை இழத்தல் கூடாது.

ஆல்கஹால் என்னும் சொல் அரபு மொழியில் கண்ணுக்குத் தீட்டும் மையின் பெயரிலிருந்து வந்தது என்பர் அறிஞர். கண் மையின் பெயரைத் தாங்கிய குடும்பத்தில், கண்ணைக் கெடுப்பதும் ஒன்று இருப்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மற்ற மூவர்

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பெரும்பாலும் பெட்ரோலியப் பொருளிலிருந்து செய்யப்படுவது. ஊசி போடுமுன் தோலைத் துடைக்கவும், மின்கருவிகளைத் துடைக்கவும் ஏற்றது. இதுவும் குடிக்கத் தகாதது.

எத்திலீன் கிளைக்காலை நாம் நேரில் காண்பது அரிது. லாரிகளின் ரேடியேட்டர் நீரில் கலப்பர். ஆயினும் நெசவாளராகிய நமக்கு இதைவிடப் பெரிய போட்டியாளர் வேறில்லை. பாலியெஸ்டர் நூல் பிறப்பது இதிலிருந்தே. கிளைக்காலுக்கு இரு முனையிலும் முடிச்சு உண்டு என்று முன்பு கண்டோம். டெரப்தாலிக் அமிலத்திற்கும் பற்றிக்கொள்ள இரு முனைகள் உண்டு. இரண்டும் கைகோத்தால் சங்கிலி முடிவின்றி நீளும். ஒரே முடிச்சுள்ள எத்தனாலால் இது இயலாது. ஒரு கை பிடித்தவுடன் சங்கிலி நின்றுவிடும். பாலியெஸ்டர் சேலை வியர்வையை உறிஞ்சாமைக்குக் காரணமும் இங்கேயே உள்ளது. சங்கிலியாகக் கோத்தபோது நீரைப் பற்றும் முடிச்சுகள் செலவாகிவிட்டன. பருத்தி இழையிலோ அம்முடிச்சுகள் எண்ணிலடங்காமல் எஞ்சியிருக்கின்றன. அவையே வியர்வையையும் சாயத்தையும் பற்றுகின்றன. "பருத்தி ஏன் குளிர்ச்சி?" என்று வாங்குபவர் கேட்டால் நம் விற்பனை நிலையத்தார் இவ்விடையை அறிந்திருப்பது நலம்.

கிளிசரின் இக்குடும்பத்தின் சாது. எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்த்துச் சோப்புச் செய்யும்போது உடன் பிறப்பது. இனிப்பானது, நஞ்சற்றது, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது. சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரைக் காற்று வறண்டு, கஞ்சி போட்ட பாவு முறுகி இழைகள் அறுவதை நாமறிவோம். கஞ்சியில் சிறிதளவு கிளிசரின் சேர்த்தால் இழை ஈரம் காத்து நெகிழ்ந்து நிற்கும். அளவு மீறினால் பாவு பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் பூசணமும் பிடிக்கும். துணியில் அச்சிடும் சாயப்பசை காய்ந்துவிடாமலிருக்கவும் இதனைச் சேர்ப்பர்.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. டையெத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு, பார்வைக்கும் சுவைக்கும் கிளிசரினை ஒத்தது. மருந்தொன்றில் அது புகுந்து 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தொன்றில் இதே நஞ்சு மிகுதியாக இருந்தது கண்டறியப்பட்டது. அதனை உட்கொண்ட மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகள் பலர் மாண்டனர். சோதனைக்கூடத்தில் ஒரு சோதனை செய்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை. தொழிலுக்கென்று வாங்கிய கிளிசரினை வீட்டில் புண்ணுக்கும் வாய்க்கும் பயன்படுத்தலாகாது.

நெருப்பைப் பற்றி ஒரு சொல்

மெத்தனால், எத்தனால், ஐசோப்ரொப்பைல் ஆகிய மூன்றும் நம் ஊர் வெப்பத்தில் எந்நேரமும் தீப்பற்றத்தக்க ஆவியை விடுவன. அவ்வாவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று, சாயத்தொட்டியின் அடுப்பை அடைந்து, அங்கிருந்து நெருப்பைச் சீசாவுக்கே கொண்டுவரும். மெத்தனாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எரிவது தெரியாமல் கையை நீட்டிச் சுட்டுக்கொள்வோர் உண்டு. சிறு தீயை நனைத்த சாக்கினால் மூடியோ மணலைக் கொட்டியோ அணைக்கலாம்.

சங்கங்கள் செய்யவேண்டுவன

இனி, நிர்வாகக் குழுவினரும் அங்கத்தினரும் கைக்கொள்ளவேண்டிய முறைகளைக் கூறுவேன்.

1. பற்றுச்சீட்டும் உரிய அனுமதியும் இல்லாத ஸ்பிரிட்டை, விலை எவ்வளவு குறைவாயினும், வாங்குதல் கூடாது. தொழிற்சாலை ஆல்கஹாலையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துள்ளது.

2. பதிவேட்டில் "ஸ்பிரிட்" என்று பொதுவாக எழுதாமல், எத்தில், மெத்தில், ஐசோப்ரொப்பைல், கிளிசரின் என்று தனித்தனிப் பக்கம் இடுக.

3. வந்த கலத்திலேயே வைத்திருக்க. சோடாச் சீசா, தண்ணீர்ப் புட்டி, எண்ணெய்க் கேன் ஆகியவற்றில் ஒருபோதும் மாற்றலாகாது.

4. பெயர்ச்சீட்டு தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்காக மண்டையோட்டுச் சின்னமும் இருக்கட்டும்.

5. இருப்பறைக்குப் பூட்டு ஒன்று, சாவி ஒருவரிடம். அன்றன்று வேண்டியதை அளந்து கொடுத்து, மாலையில் மிச்சத்தை அளந்து வாங்குக.

6. அடுப்பு, பீடி, மின்பொறி ஆகியவற்றுக்குத் தொலைவில், காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க.

7. பெயர் தெரியாத திரவம் இருப்பின் முகர்ந்தோ சுவைத்தோ கண்டறிய முயலவேண்டா. முத்திரையிட்டு ஒதுக்கி, மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க.

8. ஈரத்தில் நின்று உழைப்போருக்குச் சங்கமே மாலையில் சூடான தேநீர் ஏற்பாடு செய்யட்டும். மழைக்காலத்தில் காலுறையும் கையுறையும் தரட்டும். இதற்காகும் செலவு சிறிது. இது காப்பது பெரிது.

முடிவுரை

நான் முதலிற் கூறிய சங்கத்தில், பெயரறியாத அந்தச் சீசாக்களை முத்திரையிட்டு, அலுவலருக்குத் தெரிவிக்கச் செய்துவிட்டே திரும்பினேன். மறுமுறை சென்றபோது இருப்பறையில் பெயர்ச்சீட்டுகள் ஒழுங்காக இருந்தன. காப்பாளர் எனக்கு முன்பாகவே பதிவேட்டை எடுத்து விரித்தார். "இப்போது மோந்து பார்ப்பதில்லை, சார், படித்துத்தான் பார்க்கிறேன்" என்றார்.

பதிவேடு என்பது தணிக்கையாளருக்காக எழுதும் வெறும் கணக்கு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. எந்தப் பொருள், எவ்வளவு வந்தது, எவர் கைக்குச் சென்றது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உண்டு. தனியொருவர் கவனம் தளர்ந்தாலும் சங்கத்தின் கவனம் தளராதிருக்கவே பதிவேடு ஏற்பட்டது. அடுத்த கூட்டத்தில் உங்கள் சங்கத்தின் இருப்பறையைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். கேட்பதற்குத் தயங்கவேண்டா, அது உங்கள் இருப்பறை.

கல்வி வட்டங்களில் விவாதிப்பதற்கான வினாக்கள்

1. எத்தனாலையும் மெத்தனாலையும் முகர்ந்து பிரித்தறிதல் ஏன் இயலாது?

2. உங்கள் நிலத்தில் ஓர் ஆண்டு விளைந்த கரும்பிலிருந்து எத்தனை லிட்டர் ஆல்கஹால் கிடைக்கக்கூடும்? கணக்கிடுக.

3. கஞ்சியில் கிளிசரின் சேர்ப்பதன் நன்மை யாது? அளவு மீறினால் விளையும் தீமை யாது?

4. பருத்தி வியர்வையை உறிஞ்சுவதற்கும் பாலியெஸ்டர் உறிஞ்சாமைக்கும் காரணம் கூறுக.

5. உங்கள் சங்கத்து இருப்பறையில் பெயர்ச்சீட்டு இல்லாத கலங்கள் எத்தனை? நேரிற் பார்த்து எழுதுக.